பென்சில் பைக்குள் புகுந்த மேக்கப்

"சித்தி, எல்லாம் இருக்கு. எடுக்கத்தான் முடியல."

அக்கா மகள் சுங்கை பட்டாணியிலிருந்து வந்து, செந்தூலில் எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போக ஆரம்பித்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வயது 22. வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான். மிட்வேலி பக்கம் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. காலையில் கம்யூட்டர் ரயிலில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்ட பெண்கள் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போய், இறங்கி நடந்து, கிளினிக் கழிவறைக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவளுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். வீட்டில் போட்டுக்கொண்டு போன பவுடர் அதற்குள் பாதி வியர்வையோடு போயிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் பைக்குள் கையை விட்டுத் துழாவுவதிலேயே போய்விடுகிறது என்பதுதான் அவள் புகார்.

நான் ஒப்பனைக் கலைஞர் இல்லை. கணக்கெழுதும் வேலை. ஓரளவு தையல் தெரியும், எதையும் எண்ணிப் பார்க்கும் வியாதி உண்டு. சரி, ஞாயிற்றுக்கிழமை பையைக் கவிழ்த்துப் பார்ப்போம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையில் முடியவேண்டிய வேலை ஐந்து வாரம் இழுத்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். முதல் தடவையாக மேக்கப் பை கட்டுகிறவர்கள் நாங்கள் விழுந்த பள்ளத்திலாவது விழாமல் போகலாம்.

பசியாறி முடித்து, சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழை விரித்துப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். கவிழ்ப்பதற்கு முன்னால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 1 கிலோ 180 கிராம். உள்ளே இருந்தவை 43. ஆறு லிப்ஸ்டிக், அதில் இரண்டு ஒரே நிறம். மூன்று காஜல். பதினெட்டு நிற ஐஷேடோ பெட்டி ஒன்று. அதில் ஒரே ஒரு பழுப்பு மட்டும் தேய்ந்திருந்தது. கண்ணாடிப் புட்டியில் 30 மில்லி பவுண்டேஷன். உடைந்து நொறுங்கிய காம்பேக்ட், அதாவது அழுத்திய முகப்பவுடர் டப்பா. பன்னிரண்டு பிரஷ் கொண்ட ஒரு செட். ஈரத்தோடு ஜிப் பையில் அடைத்து வைத்த ஸ்பாஞ்ச். காய்ந்துபோன ஈரத்தாள் பாக்கெட் இரண்டு. அட்டை அட்டையாகப் பொட்டு. மீதியெல்லாம் ரசீது, சில்லறை, பனடோல், போன மாதம் தொலைந்துபோனதாகச் சொன்ன டச் அண்ட் கோ பயண அட்டை. எல்லாவற்றின் மேலும் மெல்லிய தோல்போல அந்தக் காம்பேக்டின் தூள்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டேன். காணொளியில் 'தொடங்குகிறவர்களுக்கு அவசியமான இருபது பொருள்' என்று சொன்னார்களாம். அதைச் சொல்கிறவர் தொடங்கி எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

முதலில் கழித்துக்கட்டியது பையையே. வெளியே பார்க்க அழகான பை, ஆனால் உட்புறம் கையில் பிசுபிசுவென ஒட்டியது. ஏதோ கொட்டியதால் வந்த பிசுக்கு என்று நினைத்துச் சோப்பு போட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பூச்சு உரிந்து வந்தது. இது அழுக்கில்லை. உட்துணிக்கு மேல் பூசியிருக்கும் பாலியூரித்தேன் காற்றிலிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சிதைந்துபோகும். கோலாலம்பூர்க் காற்றில் அது சீக்கிரமே நடக்கும். அலமாரியில் பத்திரமாக வைத்த காலணியின் அடிப்பாகம் ஒருநாள் திடீரென்று உதிர்ந்து விழுவதும் இதனால்தான். அப்படி ஒட்ட ஆரம்பித்த பையைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது தேதி பார்ப்பது. மேக்கப் பொருள்களின் பின்பக்கம் மூடி திறந்த ஒரு சின்ன டப்பா படம் இருக்கும். அதற்குள் 6எம், 12எம் என்று ஓர் எண். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் வரை பயன்படுத்தலாம் என்று அர்த்தம். பாப்பா அந்தப் படத்தை டப்பாவின் அளவு என்று நினைத்திருந்தாள். எப்போது திறந்தோம் என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் காகித டேப் ஒட்டி, திறந்த மாதத்தை எழுதினோம். மஸ்காராவுக்குத்தான் ஆயுள் மிகக் குறைவு, மூன்றிலிருந்து ஆறு மாதம். கண்ணைத் தொட்ட குச்சி திரும்பத் திரும்ப அந்த ஈரக் குழாய்க்குள்ளேயே போய் வருகிறது அல்லவா? பாப்பாவின் மஸ்காரா படிவம் ஆறில் படிக்கும்போது வாங்கியது. பேச்சில்லாமல் குப்பைக்குப் போனது. காஜல் பென்சில் பரவாயில்லை, சீவும்போது மேல்தோல் போய்விடுகிறது. ஆனால் கண்ணோய் வந்த சமயத்தில் தீட்டிய பென்சிலைச் சீவினாலும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு சின்ன டப்பா மட்டும் தனியாகக் கிடந்தது. வெள்ளைக் கிரீம், பெயர் அச்சிட்ட ஒட்டுத்தாள்கூட இல்லை. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கினாளாம். 'ஏழே நாளில் சிவப்பாவீங்க' என்றாராம் விற்றவர். இங்கே கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். மலேசியாவில் விற்கிற எந்த அழகுப் பொருளும் சுகாதார அமைச்சின் கீழுள்ள என்.பி.ஆர்.ஏ. என்ற மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் பதிவாக வேண்டும். பதிவானதற்கு ஓர் எண் உண்டு. NOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, நடுவில் எண்கள் வந்து, K என்று முடியும். அவர்களுடைய இணையத்தளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். எண் இருப்பதால் மட்டும் பொருள் சோதிக்கப்பட்டு நல்லது என்று முத்திரை வாங்கிவிட்டதாக ஆகாது. யார் விற்கிறார், என்னென்ன சேர்த்திருக்கிறார் என்று அரசாங்கத்திடம் தெரிவித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் எண்ணே இல்லாததை முகத்தில் தேய்ப்பது வேறு கதை. வெளுப்பாக்கும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் கண்டுபிடித்து இந்த அமைப்பு அடிக்கடி பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டப்பாவை இறுக மூடி, தனிப் பையில் கட்டி ஒதுக்கிவிட்டோம். பாப்பா முகம் வாடியது. பிறகு பெரியவள்போல, "நம்ம நிறத்துக்கு என்ன குறைச்சல்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

நிறம் என்றதும் பவுண்டேஷன். அது அவள் தோலைவிட இரண்டு படி வெளுப்பு. கடைக்காரப் பெண் அவள் மணிக்கட்டில் தடவிக் காட்டி, பொருத்தமாக இருக்கிறது என்றாராம். மணிக்கட்டும் முகமும் நம்மில் பலருக்கு ஒரே நிறமாக இருப்பதில்லை. கடையின் வெள்ளை விளக்கும் நம்பத்தக்கதல்ல. அடுத்த சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியா பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். தாடை எலும்பின் ஓரத்தில், கழுத்தும் முகமும் சேருகிற இடத்தில், மூன்று நிறங்களை விரல் அகலக் கோடாக இழுத்தோம். கடையை விட்டு வெளியே வந்து ஐந்தடிப் பாதையில் வெயில் வெளிச்சத்தில் பார்த்தோம். அப்போதும் வாங்கவில்லை. தே தாரிக் குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தோம். பூசிய பிறகு எண்ணெயும் காற்றும் பட்டு நிறம் கொஞ்சம் கறுக்கும், அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. மூன்றில் எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு போயிருந்ததோ அதுதான் அவளுக்கு. முதலில் பொருத்தமாகத் தெரிந்தது நடுக்கோடு. இருபது நிமிடத்தில் அது செங்கல் நிறமாகி, இடதுபக்கக் கோடு ஜெயித்தது.

இனி பை கட்டும் கதை. முதல் தடவை நான் செய்ததும் பாப்பா செய்த அதே தவறுதான். பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) அறை அறையாகப் பிரித்த ஒரு பெரிய பை வாங்கி, கழித்தது போக மிஞ்சிய 24 பொருளையும் அழகாக அடுக்கிக் கொடுத்தேன். கூடவே பைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் குட்டிப் பென்சிலும் வைத்தேன். எதை எடுத்தாலும் அதன் பெயருக்கு நேராக ஒரு கோடு போடவேண்டும். ஆறு வேலை நாள். கணக்குக்காரியின் யோசனை என்று பாப்பா சிரித்தாள், ஆனாலும் ஒழுங்காகப் போட்டாள்.

சனிக்கிழமை சீட்டை வாங்கிப் பார்த்தேன். டிஷ்யூ 14. லிப்ஸ்டிக் 11. காம்பேக்ட் 9. ஊக்கும் தலைக் கிளிப்பும் 6. காஜல் 4. சன்ஸ்கிரீன் 3. பொட்டு 3, வியர்வையில் கழன்று விழுந்ததால். மீதிப் பதினாறு சொச்சம் பொருள்களுக்கும் சேர்த்து ஒரு கோடுகூட இல்லை. ஐஷேடோ, ஐலைனர், பிளஷ், கன்சீலர், பிரஷ் செட், ஒன்றுமே வெளியே வரவில்லை. மேக்கப் பையில் அதிகம் வெளியே வந்தது மேக்கப்பே இல்லை, டிஷ்யூ!

இந்தச் சீட்டு இல்லாமலிருந்தால் நான் அறைகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே இருந்திருப்பேன். வீட்டில் இருந்து முகத்தை உண்டாக்குகிற பொருள்கள் வேறு. வெளியே போன இடத்தில் முகத்தைச் சரிசெய்கிற பொருள்கள் வேறு. முதல் கூட்டம் அவள் அறை மேசையில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கட்டும். பைக்குள் இரண்டாம் கூட்டம் மட்டும்.

அந்த ஆறு நாளில் நடந்த இரண்டு விபத்துகளையும் சொல்லவேண்டும்.

ஒன்று, லிப்ஸ்டிக். புதன்கிழமை மாலை எல்லோரும் பத்துமலைக்குப் போனோம். பையைக் காடியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காடி. திரும்பி வந்து லிப்ஸ்டிக்கைத் திருகினால் அது நிமிராமல் குழைந்து சாய்ந்தது. பாப்பா பதறிப்போய் மூடியைப் போட்டு அழுத்த, மூடி முழுக்கச் சிவப்பு. இளகிப்போன லிப்ஸ்டிக்கைத் திருகவே கூடாது. அப்படியே நிமிர்த்திப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்திருந்தால் இறுகியிருக்கும். இதுவும் இறுகியது, சாய்ந்த கோபுரம்போல. மூடிக்குள் ஒட்டியதைப் பஞ்சுக்குச்சியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து எடுத்தோம். காஜல் சீவுவதற்கும் இதே குளிர்பெட்டி உபாயம் உதவும். பத்து நிமிடம் உள்ளே வைத்துவிட்டுச் சீவினால் முனை குழைந்து ஒடிவதில்லை.

இன்னொன்று என் தவறு. கண்ணாடிப் புட்டி கனமாக இருக்கிறதே என்று பவுண்டேஷனில் கொஞ்சத்தைப் புதிய கான்டாக்ட் லென்ஸ் டப்பாவில் ஊற்றிக் கொடுத்திருந்தேன். இரண்டு கிண்ணம், இரண்டு திருகுமூடி, ஒருபக்கம் பவுண்டேஷன், மறுபக்கம் சன்ஸ்கிரீன். நல்ல யோசனைதான். ஆனால் ரயில் நெரிசலில் பையை நெஞ்சோடு அணைத்து நின்றபோது அது கசிந்துவிட்டது. காரணம் தேடியபோது மூடியில் குறையில்லை என்று தெரிந்தது. ஊற்றும்போது திருகு மரையில் பட்ட பவுண்டேஷனைத் துடைக்காமல் மூடியிருக்கிறேன். மரையில் ஒரு சொட்டு இருந்தாலும் மூடி முழுதாக இறங்காது. இப்போது மரையை டிஷ்யூவால் துடைத்து, கிண்ணத்தின் வாய்மேல் உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வைத்து, அதன்மேல் மூடியைத் திருகுகிறோம். தலைகீழாக இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன். கசியவில்லை. இப்படி வேறு டப்பாவுக்கு மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாளுக்கானதை மட்டும் மாற்றுங்கள். திறந்து மூடிக் கை படும் பொருள் சீக்கிரம் கெடும்.

உடைந்த காம்பேக்டைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. நாற்பது வெள்ளிக்கு வாங்கியது, திறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, நிறமும் சரியாக இருந்தது. அதைச் செப்பனிட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஃபார்மசியில் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைக்கும். ரப்பிங் ஆல்கஹால் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். முதலில் மீதியிருக்கும் கட்டிகளையும் உடைத்துத் தூளாக்க வேண்டும். இங்கே பலரும் சோம்பல்படுவார்கள், நானும் பட்டேன். பெரிய கட்டியை அப்படியே விட்டுச் சுற்றியுள்ள தூளை மட்டும் குழைத்தால், காய்ந்த பிறகு கட்டிக்கும் புதிய பகுதிக்கும் நடுவில் விரிசல் விட்டு மறுபடியும் உடையும். என் முதல் முயற்சி அப்படித்தான் உடைந்தது. இரண்டாம் முறை டப்பாவின்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, கரண்டிக் காம்பால் மாவுபோல இடித்தேன்.

அப்புறம் ஆல்கஹால். ஊற்றக் கூடாது, சொட்டுச் சொட்டாக விடவேண்டும். பற்குச்சியால் கலக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் தூள் இட்லி மாவு பதத்தைத் தாண்டி, சப்பாத்தி மாவு பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். தண்ணீராகிவிட்டால் கவலையில்லை, திறந்து வைத்தால் ஆவியாகிப் பழைய நிலைக்கு வரும். கரண்டியின் முதுகால் சமப்படுத்தி, பழைய பருத்தித் துணியை இரண்டாக மடித்து மேலே விரித்து, ஐம்பது சென் நாணயத்தால் ஓரத்திலிருந்து நடுவாக அழுத்தவேண்டும். துணி ஈரத்தை உறிஞ்சும். துணியின் இழை பவுடர்மேல் பதிந்து, கடையில் வாங்கியதுபோல ஒரு வடிவம்கூட வரும். பிறகு மூடியைத் திறந்தபடியே காயவிடுங்கள். ஓர் இரவு போதும் என்பார்கள். எங்களுக்கு அந்த வாரம் மாலைதோறும் மழை. இரண்டு இரவு ஆனது. அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைக்க நினைக்காதீர்கள், ஆல்கஹால் தீப்பிடிக்கும். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

காய்ந்த பவுடர் முன்பைவிடக் கெட்டியாக இருந்தது. பஞ்சை வைத்து ஒற்றினால் நிறம் ஏறவே இல்லை. ஆல்கஹாலில் குழைத்து அழுத்தியதில் மேலே ஒரு கடினத் தோல் உருவாகியிருந்தது. செலோடேப்பை மேலே ஒட்டி மெதுவாக உரித்ததும் அந்தத் தோல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து வாரமாகப் பையில் இருக்கிறது. ரயிலிலும் போகிறது, ஒருமுறை கழிவறைத் தரையிலும் விழுந்தது. ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு போனதோடு சரி. மூடிக்கும் பவுடருக்கும் நடுவில் வட்டமாக வெட்டிய ஒரு பஞ்சுத் துண்டு வைத்திருக்கிறோம், அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும்.

பிரஷ்களில் இரண்டை மட்டும் எடுத்து, மற்றவை பிஸ்கட் டின்னுக்குப் போயின. குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு விட்டு வெதுவெதுப்பான நீரில் அலசினோம். நிமிர்த்திக் காயவைக்கக் கூடாது. தண்ணீர் மயிரைப் பிடித்திருக்கும் தகரப் பட்டைக்குள் இறங்கிப் பசையை இளக்கிவிடும், பிறகு மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். மேசை விளிம்பில் தலை வெளியே நீட்டியபடி படுக்கவைத்தோம். ஸ்பாஞ்சை வெட்டிப் பார்த்தேன், உள்ளே கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம். ஈரமானதை மூடிய பையில் வைத்தால் இந்த ஊரில் வேறென்ன வரும்? வெளியே எடுத்துப் போகும் பையில் ஸ்பாஞ்சுக்கு இடமே இல்லை என்று முடிவு செய்தேன். விரல் போதும்.

இப்போது பை. பதினைந்து வெள்ளிப் பைக்குள் எட்டு ஒன்பது பொருளைப் போட்டால் கிலுகிலுப்பை மாதிரி ஆடுகிறது. சின்னதாக ஒன்று தேடியபோது பாப்பாவே பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள்: எஸ்.பி.எம். தேர்வுக்கு வாங்கிய பென்சில் பை. உள்ளே இருப்பது தெரியும் கெட்டிப் பிளாஸ்டிக், 21 சென்டிமீட்டர் நீளம், 11 உயரம், மேலே முழு நீளத்துக்கும் ஜிப். உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கொட்டினால் கழுவலாம். இதைவிட என்ன வேண்டும்?

ஆசையில் அதன் சுவரிலேயே எலாஸ்டிக் பட்டையை வைத்து ஊசி ஏற்றிவிட்டேன். பிளாஸ்டிக்கில் வரிசையாக ஓட்டை போட்டால் அது தபால்தலை ஓரம்போல ஆகிவிடும் என்பது மூன்றாம் நாள் கிழிந்த பிறகுதான் உறைத்தது. கிழிசலை அகல டேப்பால் இருபுறமும் ஒட்டினேன். இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

பிறகுதான் தனியாக ஒரு துணி உள்பை தைக்கும் யோசனை வந்தது. இளம்பச்சை ரவிக்கைத் துண்டு ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. வெளிர் நிறம்தான் வேண்டும், கறுப்புக் காஜலும் கறுப்பு மூடிகளும் கறுப்பு உட்துணியில் தெரியவே தெரியாது. மேக்கப் பை விற்கிறவர்கள் ஏன் எல்லாவற்றுக்கும் கறுப்பு உட்துணி போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர். துணியை இரட்டையாக மடித்து, ஓரம் மடித்துத் தைத்து, 19 சென்டிமீட்டர் அகலம், 22 நீளம் வரும்படி செய்தேன். அதைப் ப எழுத்துபோல வளைத்துப் பைக்குள் இறக்கினால் ஒருபக்கச் சுவர் 9, தரை 4, மறுபக்கச் சுவர் 9. வளைப்பதற்கு முன்னாலேயே, துணி தட்டையாக இருக்கும்போது, ஒரு சுவரின் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக்கை இழுக்காமல் படுக்கவைத்து, குறுக்கே தையல் போட்டு வீடு வீடாகப் பிரித்தேன்.

எவ்வளவு இடைவெளி விடுவது? முதல் வரிசையில் கண்ணளவாக விட்டேன், லிப்ஸ்டிக் வழுக்கி விழுந்தது. பிரித்துவிட்டு, ஒவ்வொரு பொருளின் குறுக்களவையும் அளந்து அதோடு கால் பங்கு கூட்டினேன். 2 சென்டிமீட்டர் லிப்ஸ்டிக்குக்கு இரண்டரை, 8 மில்லிமீட்டர் காஜலுக்கு ஒரு சென்டிமீட்டர். எலாஸ்டிக் இழுபட்டுப் பிடித்துக்கொள்கிறது, ஒரு கையால் உருவினாலும் வருகிறது. தையலின் இரண்டு முனையிலும் மூன்று தடவை திருப்பித் தைத்தால்தான் பிரியாது. எதிர்ச் சுவரில் சும்மா ஒரு தட்டைப் பாக்கெட், டிஷ்யூவுக்காக. அழுக்கானால் உருவித் துவைக்கலாம்.

அடுக்கும் முறையில் மட்டும் பாப்பாவோடு கொஞ்சம் வாக்குவாதம். அவள் உயர வரிசையில் அடுக்க ஆசைப்பட்டாள், படம் எடுக்க அழகாக இருக்கும். நான் கை போகும் வரிசையில் வைக்கச் சொன்னேன். கிளினிக்கில் அவள் முதலில் செய்யவேண்டியது முகத்தை ஒற்றுவது. வியர்வைமேல் பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். ஆகவே டிஷ்யூ ஜிப் திறக்கும் முனையில். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பிறகு காம்பேக்ட். அது கனமாதலால் தரையில் படுத்திருக்கிறது, பஞ்சு தனியாக ஒரு சின்ன உறையில். அதையடுத்துக் காஜல், கடைசியாக லிப்ஸ்டிக். பகல் சாப்பாட்டுக்கு வெளியே போகிற நாளில் சன்ஸ்கிரீன், லென்ஸ் டப்பாவில் இருக்கிறது. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசவேண்டும் என்பார்கள், அலுவலக வாழ்க்கையில் பகலில் ஒருமுறை நடந்தாலே பெரிது. வலப்பக்க மூலையில் ஒரு மிட்டாய் டின்னில் இரண்டு ஊக்கு, நான்கு கிளிப்பு, இரண்டு பஞ்சுக்குச்சி.

பொட்டு அட்டைதான் கடைசிவரை தொல்லை கொடுத்தது. ஓரப் பொட்டுகள் கழன்று காம்பேக்ட் மூடியில், லிப்ஸ்டிக் குழாயில், ஒருமுறை நோயாளி ஒருவரின் ரசீதில்கூட ஒட்டிக்கொண்டன. அட்டையை இரண்டாக வெட்டி, பழைய அடையாள அட்டை உறைக்குள் செருகியதும் அடங்கியது. பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காவுக்குப் பல வருடம் ஒரே இடத்தில் ஒட்டுப்பொட்டு வைத்து நெற்றி வட்டமாக வெளுத்துவிட்டது. சில பொட்டுகளின் பசையிலுள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் தோலின் நிறமிச் செல்களைக் கெடுக்கும் என்று தோல் மருத்துவர் சொன்னார். அரிப்பு தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். பாப்பா இரவில் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து மறுநாள் எடுத்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டாள். அக்கா தொலைபேசியில், "மேக்கப் போடவா உன்ன கே.எல்.க்கு அனுப்புனேன்?" என்று மகளைத் திட்டிவிட்டு, எனக்கும் ஒரு பை தைத்து வை என்றாள்.

மறுபடியும் தராசில் வைத்தோம்: 290 கிராம். இரண்டாவது சீட்டும் ஒரு வாரம் ஓடியது. இந்த முறை கோடே விழாத பொருள் ஒன்றே ஒன்று, பென்சில் சீவி. அதிலிருந்து கொட்டும் கருந்தூள் இளம்பச்சைத் துணியில் ஒரு மூலையை ஏற்கெனவே அழுக்காக்கிவிட்டது. காஜலை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சீவிக்கொள்ளலாம் என்று அதையும் டின்னுக்கு அனுப்பினோம். அதே ஞாயிறு மாலையில் உள்பையைத் துவைத்து, பிளாஸ்டிக்கை ஈரத்துணியால் துடைத்து, ஜிப்பைத் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே போட்டுவிடுகிறாள். டிஷ்யூவையும் ஊக்கையும் அப்போதே நிரப்பிவிடுவாள்.

கிளினிக்கில் கூட வேலை செய்யும் மலாய்ப் பெண் ஒருத்தி இதே மாதிரி ஒன்று கேட்டிருக்கிறாளாம். துடோங்கில், அதாவது தலை முக்காட்டில், குத்தும் ஊசிகளுக்கு நீளமாக ஒரு வீடு வேண்டுமாம், கூடவே மூன்று லிப்ஸ்டிக். ரவிக்கைத் துண்டில் இன்னும் அரை முழம் மிச்சமிருக்கிறது. ஊசியின் நீளத்தை அளந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.